ஓம் சொல்லாத தபால்காரர்

“நாய்களைக் கண்டால் அஞ்சும் சுபாவமுள்ளவர். நாய் வளர்க்கப்படும் ஒழுங்கைகளில் கடமையாற்றத் தகுதியற்றவர். மற்றும்படி அமைதியும் நிதானமும் வாய்ந்தவர்.”

தபாலதிபர் சோமசேகரம் 1984ஆம் ஆண்டில், தம்முடைய தபால் கந்தோரில் கடிதம் கொடுக்கும் ஏரம்பரைப் பற்றி மேலிடத்துக்கு ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பின் தமிழ் இது. கெட்ட எண்ணத்தில் எழுதியதல்ல. கோப்பாய் நாய்கள் ஏரம்பரின் கெண்டைக்காலைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலம். மனிதரைச் சந்துபொந்தான ஒழுங்கைகளுக்கு அனுப்பாமல் உள்ளே முத்திரை குத்துகிற வேலையில் இருத்தலாம் என்பது சோமசேகரத்தின் யோசனை. மேலிடம் பதில் போடவில்லை. குறிப்பின் பிரதி மட்டும் ஏரம்பரின் உத்தியோகக் கோவைக்குள், மற்றத் தாள்களோடு, தங்கிவிட்டது. அதில் எழுதியிருந்தவற்றுள் அவருடைய பெயரும் நாய்ப் பயமும் மட்டும் சரி.

ஏரம்பரை நிதானமானவர் என்று சொல்லவேண்டுமானால் அவரை நித்திரையில் பார்த்திருக்கவேண்டும். அதிலும் கால் ஆடிக்கொண்டிருக்கும் என்பார் அவருடைய மனைவி குணலட்சுமி. தேத்தண்ணியை நின்றுகொண்டு குடிப்பார். பேப்பரை நடந்துகொண்டு வாசிப்பார். கோயிலில் ஐயர் தீபம் காட்டி முடிக்குமுன் வீதி சுற்றிவந்து விபூதிக்குக் கை நீட்டுவார். “இந்த மனிசன் பாடையிலை போகேக்கையும் எழும்பி இருந்து, குறுக்கு ஒழுங்கையாலை போங்கோ எண்டு வழி சொல்லும்” என்பது குணலட்சுமியின் தீர்க்கதரிசனம். அந்த வருஷங்களில் யாழ்ப்பாணத்தில் ஒருவருமே நிம்மதியாக இருக்கவில்லை என்பது உண்மைதான். ஷெல் எங்கே விழும், ஊரடங்கு எப்போது போடுவார்கள், எந்த வீதி இன்றைக்குத் திறப்பார்கள் என்று எல்லோரும் காதை நீட்டிக்கொண்டு திரிந்தார்கள். ஆனால் மற்றவர்களுக்கு அது எண்பத்துமூன்றுக் கலவரத்துக்குப் பிறகு வந்த வியாதி. ஏரம்பருக்குப் பிறவியிலிருந்தே இருந்தது. நாடு அவருடைய நிலைக்கு வந்துசேர்ந்தது, அவ்வளவுதான்.

நாய்ப் பயத்தை அவர் மறுக்கவில்லை. பயம் இருக்கிறது, தகுதி இல்லை என்று எழுதியதுதான் பிடிக்கவில்லை என்று சோமசேகரத்திடமே சொன்னார். தகுதியை எப்படிச் சம்பாதிப்பது என்று அவருக்கு அப்போது தெரியாது. அதைத் தற்செயலாகச் சொல்லிக்கொடுத்தவர் மீன்காரர் சிமியோன்.

அரியாலையிலிருந்து மீன்பெட்டி கட்டிய சைக்கிளில் வரும் சிமியோன் போகிற ஒழுங்கைகளும் ஏரம்பர் போகிற ஒழுங்கைகளும் ஒன்றே. அதே வாசற்படலைகள், அதே நாய்கள். சிமியோனுக்கும் கெண்டைக்கால் இரண்டுதான். ஆனால் சிமியோனின் குரல் கேட்டதும் நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு வந்து வேலியோரம் குந்தியிருக்கும். ஏரம்பரின் மணி கேட்டால் அதே நாய்கள் வேலிப்பொட்டின் ஓட்டைக்குள்ளால் பாயும். வேதக்காரரைக் கடிக்காத நாய்களோ என்று ஏரம்பர் கொஞ்சக்காலம் சந்தேகப்பட்டார். பிறகு ஒருநாள் நேரே கேட்டுவிட்டார்.

“அண்ணை, நீங்கள் குடுக்கிறது கடிதம், நான் குடுக்கிறது மீன்தலை” என்றார் சிமியோன். “நாய் எதை வாசிக்கும்?”

ஏரம்பர் சுத்த சைவம். தபால் பைக்குள் மீன்தலை வைக்கும் யோசனை குணலட்சுமியின் முகத்தை நினைத்த மாத்திரத்தில் செத்துப்போனது. அதற்குப் பதிலாகத் தேங்காய்ச் சொட்டு வந்தது. குசினியில் உடைத்துவைத்த பாதித் தேங்காயிலிருந்து கீறி எடுத்து, சின்னச்சின்னத் துண்டாக நறுக்கி, ஒரு பொலித்தீன் பையில் போட்டு, கடிதங்களோடு கொண்டுபோனார். வீட்டில் சொதி தண்ணீராயிற்று. ஊரில் கடிதங்கள் எண்ணெயாயின. கனடாவிலிருந்து மகன் போட்ட கடிதத்தில் எண்ணெய் படிந்திருந்ததைப் பார்த்த ஒரு தாய், பிள்ளை அங்கே சாப்பாட்டுக்கடையில் வேலைக்கு நிற்கிறான் போலும் என்று ஒரு கிழமை, ஏழு நாளும், அழுதாராம்.

தேங்காயை எறிந்தால் நாய் தின்னும்; தின்றுவிட்டுக் கடிக்கும். ஏரம்பர் இதையும் அனுபவத்தில்தான் கண்டார். குலைக்கிற நாயின் வாயை அடைக்கத் தேங்காய் போட்டால், குலைத்தால் தேங்காய் வரும் என்று நாய் படித்துக்கொள்கிறது. குலைப்பு ஓய்கிற அந்தச் சின்ன இடைவெளியைப் பிடித்துக் கொடுக்கவேண்டும். இன்னுமொரு விஷயத்தையும் அவர் கண்டுபிடித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லித்திரிந்தார்.

“நான் ஒவ்வொரு நாளும் வாறன். ஆள் குலைக்கிறார். நான் கடிதத்தைப் போட்டிட்டுப் போயிடுறன். தான் கலைச்சதெண்டு அவர் நினைக்கிறார். நாள்தோறும் வெண்டுகொண்டிருக்கிறவன் ஏன் பழக்கத்தை மாத்துவான்?”

ஆகவே போகாமல் நின்றார். நாய்க்குக் கோபம் வராத அளவு தூரத்தில், ஒழுங்கை முனையில் நின்று, பேசாமல் இருக்கும் நாய்க்கு ஒரு துண்டு எறிந்து, மறுநாள் வேலியில் ஒரு கதிகால் தூரம் கிட்ட வந்து நின்றார். இந்த வேலைக்கு வேண்டியது ஏரம்பரிடம் இல்லாத ஒன்றே ஒன்றுதான்: சும்மா நிற்பது. அவருடைய கால் ஆடினால் நாய் குலைத்தது. கால் நின்றால் நாயும் நின்றது. யார் யாரைப் பழக்குகிறார்கள் என்பது சிலகாலம் தெளிவாக இருக்கவில்லை. கடிதம் கொடுத்து முடிந்து கந்தோருக்குத் திரும்பியதும், சேர்த்துவைத்த ஆட்டத்தையெல்லாம் ஆடித்தீர்ப்பதுபோல அங்குமிங்கும் நடப்பார். சோமசேகரம் கணக்குப் பார்க்கமுடியாமல் பேனையை மூடிவைப்பார்.

நாய்களுக்கு அவர் இரண்டு சொற்கள் கற்பித்தார். ஒன்று ‘இரு’. எங்கள் தமிழில் அது குந்தவும் சொல்லும், போகாமல் நில் என்றும் சொல்லும், உயிரோடு இரு என்றும் வாழ்த்தும். மற்றது, நாய் சொன்னபடி இருந்ததும், சரி, எழும்பி வந்து வாங்கிக்கொள் என்பதற்கான சொல். அதற்கு அவர் தெரிந்தெடுத்தது ‘ஓம்’. யாழ்ப்பாணத்தார் சம்மதத்துக்குச் சொல்லும் சொல். வாயில் தானாக வருகிற சொல்லாக இருக்கவேண்டும், தேடிக்கொண்டு நிற்கக்கூடாது என்பது அவருடைய வாதம். வாதம் சரி. தெரிவு பிழை. ஆனால் அந்தப் பிழை வெளிவரக் கொஞ்சக்காலம் சென்றது.

எண்பத்தேழின் கடைசியில் இந்தியன் ஆமிக்கும் இயக்கப் பெடியளுக்கும் சண்டை மூண்டு, தபால் நின்று, மறுவருஷம் திரும்ப ஓடத்தொடங்கியபோது, ஏரம்பரின் ஒழுங்கைகளில் ஒரு நாயைத் தவிர மற்றெல்லாம் அவரைக் கண்டால் இருக்கும் நாய்களாகிவிட்டன. அந்த ஒரு நாய் இரத்தினம்மா வீட்டுச் சீசர்.

இரத்தினம்மா புருஷனை இழந்தவர். மகள் அருந்ததியோடு, வெங்காயத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு, ஒழுங்கையின் உள் வளவில் தனியாக இருந்தார். இரண்டு பெண்கள் இருக்கிற வளவுக்கு, அந்தக் காலத்தில், ஒரு நாய் என்பது நாய் மட்டுமல்ல. சீசர்தான் வீட்டிலிருந்த ஒரே ஆண். ஒரு காது மடிந்த மண்ணிறச் சாதாரண ஊர்நாய். ஆனால் காலில் சப்பாத்தும் காற்சட்டையுமாக எது வந்தாலும் அதற்குப் பிடிக்காது. இந்தியன் ஆமியின் பச்சைக்கும் தபால்காரரின் காக்கிக்கும் அது வித்தியாசம் பார்க்கவில்லை. பார்க்கத் தெரிந்த மனிதருக்கும் அந்த வித்தியாசத்தால் பெரிய பிரயோசனம் இருந்ததாகச் சொல்லமுடியாது.

அமைதிப்படை காலையில் ஒழுங்கையால் ரோந்து போகும். அவர்கள் அமைதி காக்க வந்த நாளிலிருந்து ஊரில் நாய்களின் வாய் ஓயவில்லை. ஒருநாள் சீசர் வேலிப்பொட்டால் பாய்ந்து ஒரு சிப்பாயின் காற்சட்டைக் கரையைக் கிழித்தது. அவர்களுக்குள் தமிழ்நாட்டுக்காரன் ஒருவன் இருந்தான், மொழிபெயர்ப்பெல்லாம் அவன்தான். அவன் படலையில் வந்து நின்று, கெட்டவனில்லாத குரலில் சொன்னான்:

“அம்மா, இன்னொரு தடவ பாஞ்சா சுட்டுடுவாங்க. புரியுதா?”

“ஓம்” என்றார் இரத்தினம்மா.

“சாமி பேரச் சொல்லி ஆகறது ஒண்ணுமில்லம்மா. புரியுதா, இல்லியா?”

“ஓம், ஓம்.”

அவன் தன் அதிகாரியிடம் இந்தியில் ஏதோ சொன்னான். அந்த மனிசி பயந்துபோய்ப் பிரார்த்தனை செய்கிறது என்று சொல்லியிருக்கவேண்டும். அதிகாரி தலையாட்டிவிட்டு நடந்தார்.

சுடுவது நாயோடு நிற்குமா என்று யாருக்கும் தெரியாது. வளவுக்குள் துப்பாக்கி வெடித்தால் வெடிச்சத்தத்துக்குப் பதில் எங்கிருந்தாவது வரும். பிறகு வீடு வீடாகத் தட்டுவார்கள். வீட்டில் அருந்ததி இருக்கிறாள். இரத்தினம்மா செய்யக்கூடியதெல்லாம் செய்துபார்த்தார். சங்கிலியில் கட்டினார், கட்டிய நாய் விடிந்ததிலிருந்து பொழுதுபடுமட்டும் குலைத்து, முழு ஒழுங்கைக்கும் ஆமி வருவதை அறிவித்தது. அரியாலையில் ஒரு சொந்தக்காரரிடம் கொண்டுபோய் விட்டார்; திரும்ப பஸ்ஸுக்கு நின்று வீடு வந்துசேர்ந்தபோது சீசர் படலையில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. பூவரசந்தடியால் அடித்தார். அடித்ததில் ஒரு மாற்றம் தெரிந்தது: முன்பு உறுமிவிட்டுக் கடித்த நாய் இப்போது உறுமாமல் கடித்தது.

கடைசியில் ஏரம்பரிடம் போனார்.

“அண்ணை, உந்தத் தேங்காய் வித்தையை எங்கடை நாய்க்கும் ஒருக்கால் செய்துவிடுங்கோ. இல்லையெண்டால் உவங்கள் சுட்டுப்போடுவாங்கள்.”

“நாயைப் பழக்கலாம், தங்கச்சி. முதல் உங்களைப் பழக்கவேணும்.”

அருந்ததிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏரம்பர் சொன்னது விளையாட்டல்ல. தடியை வேலிக்கு அப்பால் எறியவேண்டும், வேலிப்பொட்டை அடைக்கவேண்டும், குலைக்கும்போது கத்தக்கூடாது, ஏனென்றால் தன்னோடு சேர்ந்து வீட்டாரும் குலைப்பதாக நாய் சந்தோஷப்படும், முக்கியமாக, குலைக்கும்போது ஒன்றும் கொடுக்கக்கூடாது. இரத்தினம்மா இந்தக் கடைசிச் சட்டத்தை முதல்நாளே மீறினார். சத்தம் ஓயட்டும் என்று தின்ன ஒரு பாண்துண்டைப் போட்டார். அதற்குப் பிறகு சீசர், பசிக்கிறபோதெல்லாம் ஒருவருமில்லாத ஒழுங்கையைப் பார்த்துக் குலைத்தது.

நாய்க்குப் பகை ஆளோடல்ல, சப்பாத்தோடு என்பதை ஏரம்பர் கவனித்தார். அவர் செருப்புப் போடுகிறவர். ஆகவே சோமசேகரத்தின் பழைய சப்பாத்தை இரவல் வாங்கினார். அது அவருக்கு அளவில்லை. நடந்தால் தனி ஆள் நடப்பதுபோல் இருக்காது, ஒரு பட்டாளம் தடுக்கிவிழுவதுபோல் இருக்கும். அதுதான் தேவைப்பட்டது. காக்கியும் சப்பாத்துமாக ஒழுங்கை முனையில் நின்று ஒரு மிதி மிதிப்பார். அங்கே சீசர் காதை நிமிர்த்தும். குலைக்குமுன் தேங்காய் வந்துவிழும். மறுபடி மிதி, மறுபடி தேங்காய். ஒழுங்கையால் போனவர்கள், ஏரம்பருக்கு ஆமியைப் பார்த்துப் பார்த்து மண்டை பிசகிவிட்டது என்று குணலட்சுமியிடம் வந்து துக்கம் விசாரித்தார்கள். மனிசருக்கே தேங்காய் இல்லாத நேரத்தில் என்று சொல்லவும் மறக்கவில்லை.

மெல்ல மெல்லச் சப்பாத்துச் சத்தம் சீசருக்குத் தேங்காய்ச் சத்தமாயிற்று. பிறகு ‘இரு’ வந்தது. பிறகு ‘இரு’ என்று சொல்லாமலே வந்தது: சப்பாத்துக் கேட்டால் சீசர் படலைக்கு ஓடிவந்து, பின்பக்கத்தை மண்ணில் வைத்து, வாயூற மேலே பார்த்துக்கொண்டிருக்கும். ‘ஓம்’ என்ற சொல் கேட்டால் மட்டும் எழும்பி, சொன்னவரிடம் ஒரே பாய்ச்சலில் ஓடும். ரோந்து போன சிப்பாய்கள் முதல்நாள் அதைப் பார்த்துத் திகைத்தார்கள். இரண்டாம் நாள் ஒருவன் சலூட் அடித்தான். 

அந்த நாட்களில்தான் பிழை வெளிப்பட்டது. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்காரியோடு இரத்தினம்மா கதைப்பார். யாழ்ப்பாணத்தில் இரண்டு பெண்கள் கதைக்கும்போது எத்தனை ‘ஓம்’ விழும் என்பதை எண்ணிப்பார்த்தவர்கள் இல்லை, சீசர் எண்ணியது. ஒவ்வொன்றுக்கும் பாய்ந்துவந்து நெஞ்சில் காலை வைத்துத் தேங்காய் கேட்டது. கோயில் ஒலிபெருக்கியில் ஐயர் மந்திரம் தொடங்கினால் படலையில் ஏறிக் குதித்தது. நாய்க்குப் பக்தி வந்துவிட்டதாக ஒழுங்கையில் பேசிக்கொண்டார்கள்.

“மாமா, உந்தச் சொல்லை மாத்துங்கோ” என்று அருந்ததி ஏரம்பரிடம் சொன்னாள். “அம்மாவாலை ஒருத்தரோடையும் ஒத்துப்போகேலாமல் கிடக்கு.”

“அம்மா ஒத்துப்போனது எப்ப?” என்று ஏரம்பர் கேட்டார். ஊர் நாயெல்லாம் படித்த சொல்லை ஒரு நாய்க்காக மாற்றமுடியாது என்றும் சொன்னார். தன் வித்தையில் அவருக்கு அப்போது கொஞ்சம் செருக்கு ஏறியிருந்தது.

அதற்கடுத்த கிழமை, காலை வெயில் ஏறும் நேரம், ஏரம்பர் இரத்தினம்மாவுக்கு ஒரு கடிதத்தோடு ஒழுங்கைக்குள் திரும்பினார். ரோந்து இரத்தினம்மாவின் படலையில் நின்றது. வளவைத் தேடுவதற்காகப் படலையைத் திறந்திருந்தார்கள். தாயும் மகளும் வாசலில் நின்றார்கள். சீசர் ஒழுங்கைக்கு வந்து, சப்பாத்துகளுக்கு எதிரில், படித்தபடி இருந்தது. ஒருவனுடைய துப்பாக்கி அதன் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன்தான் முன்பு காற்சட்டை கிழிபட்டவன்; நாயின் புதிய குணத்தில் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஏரம்பரைக் கண்டதும் சைக்கிளைப் போட்டுவிட்டுக் கையைத் தலையில் வைக்கச் சொன்னார்கள். பையைக் கொட்டினார்கள். கடிதங்களோடு, பொலித்தீன் பையில் வெள்ளைத் துண்டுகள் விழுந்தன. அதிகாரி குனிந்து பார்த்தார். வெடிமருந்தும் வெள்ளைத் துண்டாக வருவதுண்டு. தமிழ்நாட்டுக்காரன் விசாரிக்கத் தொடங்கினான்.

ஏரம்பர் ஒருபுறம், சீசர் மறுபுறம், நடுவில் சிப்பாய்கள். சீசர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. எந்தச் சொல்லுக்குக் காத்திருக்கிறது என்பது அந்த ஒழுங்கையில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அந்தச் சொல் விழுந்தால் நாய் துப்பாக்கிகளுக்கு நடுவால் பாயும்.

“நீ போஸ்ட்மேனா?”

‘ஓம்’ பல்லுவரைக்கும் வந்துவிட்டது. ஏரம்பர் அதை விழுங்கித் தலையை ஆட்டினார்.

“தலய ஆட்டாத. வாயத் தெறந்து சொல்லு.”

“யெஸ் சேர்.”

அவனுடைய முகம் மாறியது. “நானும் தமிழன்தான்யா. எங்கிட்ட எதுக்கு இங்கிலீசு? தமிழ்ல சொல்லு.”

ஏரம்பருடைய தமிழில் சம்மதத்துக்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அது நாயிடம் போய்விட்டது. அவர் இந்தியப் படங்களில் கேட்டிருந்த சொல்லைத் தேடி எடுத்தார்.

“ஆமா.”

சீசர் காதை ஆட்டியது. எழும்பவில்லை.

“இந்த நாய உனக்குத் தெரியுமா?”

“ஆமா.”

அவன் கிட்ட வந்தான். “ஆமாவா? வந்ததுலேர்ந்து இந்த ஊர்ல ஓம் ஓம்னுதான் கேக்கறேன். ஒருத்தன் ஆமான்னு சொல்லிக் கேட்டதில்ல. நீ எங்க கத்துக்கிட்ட?”

எண்பத்துமூன்றுக்குப் பிறகு வள்ளமேறி அக்கரைத் தமிழ்நாட்டுக்குப் போய் ஆயுதப் பயிற்சி எடுத்து வந்தவர்களில் சிலருக்கு ‘ஆமா’ நாக்கில் ஒட்டிக்கொண்டது ஊருக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்திருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய தபால்காரரை அவன் மேலும் கீழும் பார்த்தான். அவருடைய காலில் அளவில்லாத சப்பாத்து வேறு.

“இந்தியாவுல இருந்தியா? ட்ரெயினிங்கா?”

நாயின் நெற்றியையும் துப்பாக்கியையும் பார்த்துக்கொண்டிருந்த ஏரம்பரின் காதில் கடைசிச் சொல் மட்டும்தான் விழுந்தது. “ஆமா” என்றார். மூச்சை எடுத்துக்கொண்டு, “நாய்க்கு” என்றார்.

இரண்டு சொற்களுக்கும் இடையில் துப்பாக்கி நாயிடமிருந்து ஏரம்பரிடம் திரும்பிவிட்டது. அந்த அளவில் அவருடைய நோக்கம் நிறைவேறியது.

அவரைச் சந்தியில் ஆமி போட்டிருந்த சென்றிக் காவலரணுக்குக் கொண்டுபோனார்கள். சீசர் இருந்த இடத்திலேயே இருந்தது. இரத்தினம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பயத்தில் ஒரு ‘ஓம்’ நழுவிவிடும் என்ற பயம். கடைசிச் சிப்பாயும் வளைவில் மறைந்த பிறகு அருந்ததி மெதுவாக அந்தச் சொல்லைச் சொன்னாள். நாய் ஓடிவந்து அவளுடைய கையை நக்கியது. அவளிடம் தேங்காய் இருக்கவில்லை.

அவள் தன் சைக்கிளை எடுத்துக்கொண்டு கந்தோருக்குப் போனாள். சோமசேகரம் விஷயத்தைக் கேட்டதும், ஏரம்பர் உண்மையான தபால்காரர்தான் என்று நிரூபிக்க அவருடைய கோவையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சென்றிக்கு ஓடினார். ஓடுகிற அவசரத்தில் கோவைக்குள் என்ன இருக்கிறது என்பதை மறந்துபோனார். அதிகாரி ஆங்கிலம் தெரிந்தவர், ஆற அமர ஒவ்வொரு தாளாகப் புரட்டினார், ஒரு தாளில் நின்றார். பிறகு கேட்டார்: இந்த மனிதர் நாய் பழக்குகிறேன் என்கிறார், உங்கள் இலாகா இவர் நாய்க்கு அஞ்சி நடுங்குகிறவர் என்கிறது. இதில் எது பொய்?

சோமசேகரம் எட்டி அந்தத் தாளைப் பார்த்தார்; தாமே எழுதிய குறிப்பு. தன் கையெழுத்தைப் பொய் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. உண்மை என்று சொன்னால் ஏரம்பரைக் கொண்டுபோய்விடுவார்கள். அது அந்தக் காலத்து நிலைமை என்று ஏதோ தடுமாறினார். அதிகாரி ஏரம்பரைப் பார்த்தார். தமிழ்நாட்டுக்காரன் கேள்வியைத் தமிழில் சொன்னான்.

“இரண்டும் உண்மை ஐயா” என்றார் ஏரம்பர். “பயமில்லாதவன் நாயைப் பழக்கமாட்டான். அடிப்பான்.”

இதை இந்திக்குக் கொண்டுபோக அவனுக்குக் கொஞ்சநேரம் எடுத்தது. போய்ச்சேர்ந்தது அதே வசனம்தானா என்று தெரியாது. அதிகாரி சிரிக்கவில்லை. சென்றியில் சப்பாத்தி தின்று வளர்ந்த, வீடில்லாத ஒரு கட்டாக்காலி நாய் மண்மூடைக்கு மேலே நின்று, வந்ததிலிருந்து ஏரம்பரைப் பார்த்துக் குலைத்துக்கொண்டிருந்தது. அது அதிகாரியைப் பார்த்தும் குலைக்கிற நாய். அதைக் காட்டி, இதை இருத்திக் காட்டு பார்ப்போம் என்றார்.

தேங்காய்ப் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஏரம்பர் ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நாய் குலைத்தது. அவர் நின்றார். சுற்றவர துப்பாக்கிகள், எதிரில் தன் கோவை, வெயில். அவருடைய கால் ஆடவில்லை, விரல் ஆடவில்லை. நாய் குலைத்துக் களைத்து ஒரு கணம் வாயை மூடியது; துண்டு போய் விழுந்தது. மறுபடி. மறுபடி. நாய் மூடையிலிருந்து இறங்கியது. கிட்ட வந்தது. அடுத்த துண்டை அதன் மூக்குக்கு மேலே பிடித்து மெல்லப் பின்னால் கொண்டுபோனார். மூக்கு மேலே போகப்போகப் பின்பக்கம் கீழே போனது. மண்ணைத் தொட்டது.

“ஆமா” என்றார் ஏரம்பர். துண்டைக் கொடுத்தார்.

இன்னொருமுறை செய்யச் சொன்னார்கள். நாய் இன்னொருமுறை இருந்தது. மூன்றாந்தரம் தமிழ்நாட்டுக்காரனே “ஆமா” என்றான். நாய் அவனிடம் ஓடியது. அந்த ஊரில் அவன் பேசிய தமிழ் ஒருவருக்கு உடனே விளங்கியது அதுதான் முதல்தடவை. அவனுடைய முகத்தில் அது தெரிந்தது. மிச்சத் தேங்காயைத் தாங்களே வைத்துக்கொண்டு, மத்தியானத்துக்கு முன் ஏரம்பரை விட்டுவிட்டார்கள்.

அன்றைக்குச் சென்றியில் நின்ற நேரமளவுக்குத் தன் குறிப்பின் கடைசி வரி, அந்த அமைதியும் நிதானமும், உண்மையாக இருந்தது என்று சோமசேகரம் பிற்காலத்தில் சொல்வதுண்டு. திரும்பிவரும் வழியிலேயே அது மறுபடி பொய்யாகிவிட்டது. ஏரம்பர் ஒழுங்கையில் கிடந்த தன் சைக்கிளை எடுத்து, நெடுக வாய் ஓயாமல் பேசி, உருட்டி, ஏறி, இரண்டுதரம் இறங்கி, ஒருதரம் விழுந்தார். பின்னேரம் இரத்தினம்மாவின் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கொழும்பு வங்கியொன்றிலிருந்து வந்த வழமையான கடிதம், அதில் ஒன்றுமில்லை.

“மாமா, இப்ப எண்டாலும் மாத்துவியளோ?” என்று அருந்ததி கேட்டாள்.

மாற்றினார். எல்லா நாய்களுக்கும். ஊரில் ஒருவரும் தவறியும் சொல்லாத சொல்லாக இருக்கவேண்டும் என்பது அவருக்கு அன்றைக்கு விளங்கியிருந்தது. ‘ஆமா’வைவிடப் பொருத்தமான சொல் கோப்பாயில் கிடைக்காது. இரத்தினம்மா மறுபடி வேலியோரம் நின்று தாராளமாக ஓம் சொல்லலாம் என்றாயிற்று. ஏரம்பருக்கு ‘ஆமா ஏரம்பர்’ என்று பட்டம் வந்தது. அவருடைய காதுபட யாராவது சொன்னால், “உன்னைவிட நாய் கெதியிலை விளங்கும்” என்பார்.

தொண்ணூறில் இந்தியன் ஆமி கப்பலேறியது. தேங்காய்த் தட்டுப்பாடான நாட்களில் ஏரம்பர் காய்ந்த பாண்துண்டும், அதுவுமில்லாதபோது பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியலும் கொண்டுபோனார். ஒழுங்கையால் பிறகு வேறு சப்பாத்துகள் போயின. சீசர் எல்லாவற்றுக்கும் கட்சி பாராமல் இருந்தது. தொண்ணூற்றைந்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்து நடக்குமுன்பே அது வயதுபோய், முருங்கைக்குக் கீழே, தானாகச் செத்தது. அந்த ஒழுங்கையில், அந்தக் காலத்தில், அது ஒரு சாதனை.

ஏரம்பர் ஓய்வுபெறும்போது குறிப்பைத் திருத்தி எழுதவா என்று சோமசேகரம் கேட்டாராம். நேரமில்லை என்று சொல்லிவிட்டு ஏரம்பர் எழும்பிப் போய்விட்டார். கோவையில் அது அப்படியே கிடந்தது.

ஏரம்பர் செய்தது இதுதான்: இரத்தினம்மாவின் நாயைச் சப்பாத்துக் கேட்டால் இருக்கப் பழக்கினார்; அதை ஆமி சுடாமல் விடவேண்டும் என்பதற்காக, ‘ஓம்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாமல் நின்றார்.